பெரியப்பாவின் மூடாத கண்

முதல் வருஷ எம்.பி.பி.எஸ். இன்டர்னல் பரீட்சை முடிந்து ஒரு வார லீவில் வீட்டுக்கு வந்தேன். தோளிலிருந்து பை இறங்குவதற்குள் அம்மா சொன்ன முதல் செய்தி இது: "உங்க பெரியப்பா இப்பல்லாம் அப்பாவைப் பாத்தா வாயைக் கோணிக் காட்டுறாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அறுபது வயது மனுஷர், தம்பியைப் பார்த்து பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி பழிப்புக் காட்டுவதா?

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டித் தண்ணீர் பாய்கிற ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார் வேலை, கூடவே பங்கில் வந்த கொஞ்சம் நிலம். பெரியப்பாவுக்கு நிலம்தான் எல்லாம். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் உழவுக்கு வந்த டிராக்டர் ஒன்று அந்த வரப்பிலிருந்த எல்லைக்கல்லைத் தட்டிவிட்டது. யார் திரும்ப நட்டார்கள், எங்கே நட்டார்கள் என்பதில் ஆரம்பித்தது சண்டை. கேஸ் கோர்ட்டில் இருக்கிறது. எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சுவருக்கு அந்தாண்டை யாராவது தும்மினால் இந்தாண்டை அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

அம்மாவிடம் குற்றப்பத்திரிகை தயாராக இருந்தது. சாப்பாடு போட்டுக்கொண்டே வாசித்தாள்.

"நம்ம வாசலைத் தாண்டும்போது எச்சில் துப்பிட்டுப் போறாரு. பாத்தாப் பாக்காத மாதிரி துண்டால துடைச்சுக்கிறாரு. கழுத்துல தங்கச் சங்கிலி வேற. ஆம்பளைக்கு என்னத்துக்குடி சங்கிலி? அதுவும் துண்டுக்குள்ள மறைச்சு மறைச்சு. நமக்குத் தெரியணும், ஆனா தெரியாத மாதிரியும் இருக்கணும், அந்த மினுக்கு. இன்னொண்ணு கேளு. ராத்திரி ஒரு கண்ணைத் தெறந்துக்கிட்டே தூங்குறாராம். உங்க பெரியம்மாவே குழாயடியில சொன்னாளாம். உங்கப்பா கல்லைப் பிடுங்கிடுவாருன்னு பயமாம்."

நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே பெரியப்பாவைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு ஊரில் என்னைப் பற்றி என்னென்னவோ சொன்னார்கள், இரக்கம் அது இது என்று. அன்றைக்கு எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அந்த மாசம் காலேஜில் அனாடமியில் தலையும் கழுத்தும் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது பிடித்துக்கொண்டால் மனுஷனை மனுஷனாகப் பார்க்க முடியாது. பஸ்ஸில் கண்டக்டர் கத்தினால் அவர் கழுத்தில் புடைக்கிற தசையின் பெயர் என் வாயில் வரும். தண்ணீர் குடிக்கிற அம்மாளின் தொண்டையில் ஒரு உருண்டை ஏறி இறங்கினால், தைராய்டு, விழுங்கும்போது நகர்கிறது, என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொள்வேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது முக நரம்பு. மண்டைக்குள்ளிருந்து கிளம்பும் நரம்புகளில் ஏழாவது. காதுக்குப் பின்னால் எலும்பு ஓட்டையிலிருந்து வெளியே வந்து, காதுக்கு முன்னால் இருக்கிற எச்சில் சுரப்பிக்குள், பரோடிட் என்பார்கள், அதற்குள் நுழைந்து ஐந்தாகப் பிரியும். நெற்றிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, கன்னத்துக்கு, தாடைக்கு, கழுத்துக்கு. கூடப் படிக்கிறவர்கள் ஐந்து விரலைக் கன்னத்தில் விரித்து வைத்து மனப்பாடம் செய்வார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. திருவையாற்றுப் பக்கம் ஐந்து ஆறாகத் தண்ணீர் பிரிகிற நாட்டுப் பெண்ணுக்கு இது ஒரு பாடமா? பிரிகிற இடத்துக்கு மேலே அடைத்தால் ஐந்தும் காயும். ஒரு கிளையில் அடைத்தால் அது மட்டும் காயும். அவ்வளவுதான்.

மறுநாள் காலை சர்வேயர் வந்தார். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்ததால் அளக்கத் தோதாக இருந்தது. அப்பா மனு போட்டு எட்டு மாசம் கழித்து வந்த மனிதர். தாளில் வரைபடம், கையில் டேப், தலையில் கைக்குட்டை. வரப்புக்கு இந்தப்பக்கம் நானும் அப்பாவும். அந்தப்பக்கம் பெரியப்பா. கழுத்தைச் சுற்றித் துண்டு, வெயிலில் கண் சிவந்து கிடந்தது.

சர்வேயர் பழைய கல்லின் இடம் எது என்று கேட்டதுதான் தாமதம், பெரியப்பா வாயைத் திறந்தார். வாய் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

அப்பா குதித்தார். "பாருங்க சார், நீங்களே பாருங்க! கவர்மென்ட் ஆபீசர் முன்னாடியே எப்படி வாயைக் கோணிக் காட்டுறார்னு!"

"எவன்டா கோணுனது? உன் மூஞ்சியப் பாத்தா தானாக் கோணிக்குது!"

"பெரிய மனுஷன் மாதிரியா பேசுறீங்க?"

"நீ வாத்தியார் மாதிரியா கல்லு நட்ட?"

சர்வேயர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். "நீங்க முடிச்சுட்டுச் சொல்லியனுப்புங்க. நான் அடுத்த வருஷம் வரேன்."

நான் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோபத்தில் புருவத்தைத் தூக்கிக் கத்துகிறார். நெற்றியில் வலப்பக்கம் நாலு மடிப்பு. இடப்பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று இருக்கிறது. வலது கண் கொட்டுகிறது. இடது கண் கொட்டவில்லை. ஓரத்தில் நீர் வழிகிறது. இடது வாயோரத்திலிருந்து எச்சில் இறங்க, துண்டால் துடைக்கிறார். 'பட்டா' என்று சொல்ல உதடு சேரவில்லை, காற்றுத்தான் வருகிறது.

எல்லாரும் கோணின பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். கோணின பக்கம் நல்ல பக்கம். இழுப்பதற்கு அங்கேதான் ஆள் இருக்கிறது. சுருக்கமே இல்லாமல் இளமையாகத் தெரிகிறதே, அதுதான் செத்த பக்கம்.

அம்மா வாசித்த குற்றப்பத்திரிகை முழுக்க எனக்குள் திரும்ப ஓடியது. கோணின வாய். துப்பின எச்சில். திறந்த கண். மறைத்த துண்டு. சங்கிலி மட்டும் புரியவில்லை, அதுவும் ஒரு விநாடிதான். எங்கள் ஊரில் காதடியில் தாடை வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்பார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டால் வடிந்துவிடும். மூன்றாம் வகுப்பில் எனக்கும் போட்டார்கள். அது பத்து நாளில் தானாக வடிகிற வியாதி, பெயர் சங்கிலிக்குப் போகும்.

அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம். புத்தகத்தில் இருந்ததெல்லாம் வரப்பில் நின்றுகொண்டிருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

நான் வரப்பைத் தாண்டினேன். ஆறு வருஷத்தில் எங்கள் வீட்டுக் கால் ஒன்று அந்தப்பக்கம் பட்டது அன்றைக்குத்தான்.

"பெரியப்பா, கண்ணை இறுக்கி மூடுங்க."

"ஏன்? மூடுன நேரத்துல கல்லை நகத்தவா?"

"நெத்தியச் சுருக்குங்க."

"உங்கப்பன் நெலத்த அளக்குறது பத்தாதுன்னு நீ என் மூஞ்சிய அளக்க வந்தியா? போடி அந்தாண்ட."

நான் கையை நீட்டி அவர் கழுத்துத் துண்டை இழுத்தேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிற காரியம். பெரியவர் தோளிலிருக்கிற துண்டை, அதுவும் நாலு பேர் முன்னால். துண்டு கையோடு வந்தது. உள்ளே பெரியம்மாவின் ரெட்டை வடச் சங்கிலி. அதற்கு மேலே, இடது காது மடலைத் தூக்கிக்கொண்டு, கொட்டைப்பாக்கை விடப் பெரிதாக ஒரு கட்டி. தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி, நகராமல்.

"இது பொன்னுக்கு வீங்கி இல்ல. பரோடிட் கட்டி. நரம்பைத் தின்னுடுச்சு, அதான் வாய் கோணுது. கான்சரா இருக்கும்."

இப்படியே, மூச்சு விடாமல், சர்வேயர் முன்னால் சொன்னேன். வைவா பரீட்சையில் சொல்கிற மாதிரி.

கஞ்சித் தூக்கோடு வந்துகொண்டிருந்த பெரியம்மா காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது. தூக்கு கீழே விழுந்தது. குனிந்து ஒரு கை மண்ணை அள்ளித் தூற்றினாள். "நல்லாயிருப்பியாடி நீ? வரப்பு வேணும்னா எடுத்துக்குங்கடி. அதுக்கு என் தாலிக்கா வாய் வைக்கிற? அவருக்கு நாத்து விடும்போது வந்த வீக்கம், வடிஞ்சுக்கிட்டிருக்கு!"

சம்பாவுக்கு நாற்று விடும்போது. அறுவடையே முடிந்துவிட்டது. அஞ்சு மாசம்.

பெரியப்பா துண்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இவ சொன்னாங்கிறதுக்காகவே நான் ஆஸ்பத்திரி வாசல மிதிக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசலில் செருப்பை உதறிவிட்டுக் கேட்டார். "அந்தப் பக்கம் எதுக்குப் போன? சர்வேயர் போயிட்டான். இனி எட்டு மாசம்."

"அப்பா, அவரு பழிப்புக் காட்டல. முடியல அவருக்கு."

"ஆறு வருஷமா அந்த ஆளோட மூஞ்சியப் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

அன்று முழுக்கப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காதடிக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை, வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கும். கட்டியோடு முகமும் விழுந்தால் அது சாது இல்லை. கழுத்துக்கு இறங்கும், நுரையீரலுக்குப் போகும். ஒவ்வொரு வாரமும் கணக்கு. அவர் போகவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொல்ல வைத்தது என் வாய்.

மறுநாள் கொல்லைப்பக்கமாகப் போனேன். பெரியம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வா, டாக்டரம்மா. சாவு நாள் குறிச்சுக் கொடுக்க வந்தியா?"

"பெரியம்மா, பொன்னுக்கு வீங்கி வலிக்கும், காய்ச்சல் வரும், பத்து நாள்ல போயிரும். இவருக்கு வலிச்சுதா?"

கை ஒரு விநாடி நின்றது. "வலிக்கலைங்கிறதுதானே நல்லது."

உள்ளேயிருந்து பெரியப்பா குரல் வந்தது. "யாரு, சர்வேயர் பொண்ணா?"

நேராகக் கேட்டால் நடக்காது என்று தெரிந்துவிட்டது. ஆறு வருஷமாக அந்த மனுஷரை எழுப்பி நடமாட வைத்தது எது என்று யோசித்தேன். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

"பெரியப்பா, நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டு டெஸ்ட் எடுங்க. ஒண்ணுமில்லேன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டா வரப்பு உங்களுக்கு. கேஸை வாபஸ் வாங்கிடறோம்."

அவர் வாசற்படிக்கு வந்தார். இடது கண் என்னைத் தாண்டி எங்கேயோ வெறித்திருக்க, வலது கண்ணால் அளந்தார்.

"உனக்கு வயசென்ன?"

"பத்தொம்பது."

"பட்டா உன் பேர்ல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் நீ யாருடி எழுதிக் கொடுக்க? உங்கப்பன் கையெழுத்து வேணும். வெள்ளைத்தாள்ல இல்ல, விவரமா, நாலெல்லையும் போட்டு."

அந்த மனுஷரின் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பக்கவாதமாக இருந்தால் நெற்றி தப்பித்திருக்கும். இவருக்கு நெற்றியும் போயிருந்தது. அடைப்பு மூளையில் இல்லை, காதடியில்.

வீட்டுக்கு வந்து அப்பாவை முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். "பெரியப்பா மாதிரி பழிச்சுக் காட்டுங்க."

"என்னடி இது கூத்து?"

"காட்டுங்க."

அப்பா வாயைக் கோணினார். கோணும்போதே கண் சுருங்கியது, மூக்கு சுளித்தது, நெற்றி மடிந்தது. ஒருத்தனை வெறுக்க முகம் முழுக்க வேலை செய்கிறது. "இப்ப ஒரு பக்கம் மட்டும் அசையாம வச்சுக்கிட்டுப் பழிங்க," என்றேன். அவரால் முடியவில்லை. மூன்று தடவை முயன்றார். கணக்கு வாத்தியார் இல்லையா, நிரூபணம் பிடிபட்டதும் முகம் மாறியது.

கொல்லைச் சுவரோரம் போய் நின்று எட்டிப் பார்த்தார். அந்தப்பக்கம் பெரியப்பா கயிற்றுக்கட்டிலில் மதியத் தூக்கத்திலிருந்தார். குறட்டை வந்துகொண்டிருந்தது. இடது கண் பாதி திறந்து, வெள்ளை மட்டும் தெரிந்தது. ஒரு ஈ அதன் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தது. அவர் விழிக்கவில்லை. அப்பா அதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று நான் எண்ணவில்லை.

உள்ளே வந்து, "எழுது," என்றார். நாலெல்லையும் அவரே சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மேஜைமேல் எறிந்தார்.

அம்மா கொதித்தாள். "ஒண்ணுமில்லேன்னு வந்துட்டா வரப்பு போச்சுங்க! ஆறு வருஷம்!"

"அந்த ஆளு செத்தா துபாய்லேர்ந்து அவன் பசங்க ரெண்டு பேரும் வந்து கேஸ் நடத்துவானுங்க. அவனுங்களோட யாரு மல்லுக்கட்டுறது? எனக்கு இந்த ஆளுதான் தோது."

அப்படித்தான் சொன்னார். நான் சேர்த்தது எதுவுமில்லை.

பெரியப்பா பத்திரத்தை இரண்டு தடவை படித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கையெழுத்தைச் சரிபார்த்தார். மறுநாள் விடிகாலை பஸ்ஸில் கிளம்பினார். போகும்போது எங்கள் வாசலில் நின்று, ஊர் கேட்கச் சொன்னார்: "சாயங்காலம் வரேன். வந்து வரப்புல தென்னங்கன்னு வைக்கிறேன்."

சாயங்காலம் வரவில்லை. ஊசி டெஸ்ட், ஸ்கேன், அட்மிஷன். ரிசல்ட் வந்த அன்று பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டாள். "நீ சொன்ன அதுதான்," என்று வைத்துவிட்டாள். சரியாகச் சொன்னதற்கு அந்த ஒரு தடவைதான் எனக்கு மார்க் வேண்டாமென்று இருந்தது.

ஆபரேஷன் எட்டு மணி நேரம். காதுக்கு முன்னால் ஆரம்பித்துக் கழுத்து வரை கீறி, சுரப்பியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டி அதைச் சுற்றிக்கொண்டிருந்ததால் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் கரன்ட் வைத்தார்கள், கதிர் சிகிச்சைக்கு ஊரில் அதுதான் பெயர், ஆறு வாரம். பிழைத்துக்கொண்டார். டாக்டர்கள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, மூன்று மாசத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கண் மட்டும் மிச்சப் பிரச்சினையாக நின்றது. மூடாத கண் காய்ந்து, கருவிழி புண்ணாகிப் பார்வை போகும். சொட்டு மருந்து, பிளாஸ்டர் எதுவும் போதவில்லை. இமைக்குள் ஒரு சின்ன எடையைத் தைத்துவிடலாம், அதன் பாரத்தில் இமை தானாக இறங்கும் என்று பிளாஸ்டிக் சர்ஜன் சொன்னபோது, பெரியம்மாவுக்கு விளக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"எடைன்னா? ஈயமா?" என்றாள் பெரியம்மா.

நான் கொஞ்சம் தயங்கினேன். "தங்கம். சுத்தத் தங்கம். ஒரு கிராம் சொச்சம். உடம்பு அதைத்தான் ஒத்துக்கும்."

பெரியம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அந்தப் பார்வையை எந்த நரம்பு நடத்துகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

"அப்ப நான் பொன்னு போட்டப்போ எல்லாரும் சிரிச்சீங்க. இப்ப டாக்டர் போட்டா வைத்தியமா?" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "படிச்சிருக்காளாம், படிப்பு!"

எனக்குப் பதில் இருந்தது. நாலு பக்கத்துக்கு இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த லீவில் வந்தபோது பெரியப்பா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். வாய் இன்னும் வலப்பக்கம்தான். இனி அப்படித்தான். காதிலிருந்து கழுத்து வரை தழும்பு, துண்டு இல்லை, சங்கிலி பெரியம்மாவிடம் போய்விட்டது. பந்தயத்தில் தோற்றதால் வரப்பு அவருக்கு இல்லை. கேஸ் அப்படியே கிடக்கிறது. சர்வேயருக்கு அப்பா மறுபடி மனு போட்டிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் நின்றார். நலம் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. இடது இமை மெதுவாக இறங்கி, மூடி, ஒரு கணம் கழித்து ஏறியது. வலது இமையை விடக் கொஞ்சம் தாமதம். நான் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்ன, மார்க் போடுறியா?"

"ராத்திரி மூடுதா?"

"தலகாணி ரெண்டு வச்சு, தலைய உசத்திப் படுத்தா மூடுது." வாய் கோணிக்கொண்டு போனது. இந்தத் தடவை வலது கண்ணும் சேர்ந்து சுருங்கியது. வலப்பக்க நெற்றி மடிந்தது. நிஜமான பழிப்பு, முகத்தில் உயிர் மிச்சமிருந்த எல்லாத் தசையும் வேலை செய்தது. "உங்கப்பன்கிட்டப் போய்ச் சொல்லு. இப்ப ரெண்டு கண்ணையும் மூடிட்டுத்தான் தூங்குறேன். தைரியம் இருந்தா வந்து கல்லை நகத்திப் பாக்கச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அப்பா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டார்.

"முழுசா மூடுதா?"

"மூடுதுப்பா."

"திமிரு புடிச்ச ஆளு," என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.